ராக்கெட்டுக்குள் இருக்கும் 'உப்பு' சூடானால் என்ன ஆகும்? உப்பூர் முதல் குலசை வரை எழும் கேள்வி

2025 மே 18. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோவின் 101-வது ஏவுதலாக பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்களும் சரியாக வேலை செய்தன. மூன்றாவது கட்டம் எரிந்துகொண்டிருந்தபோது மோட்டார் உறைக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது, திட்டம் நிறைவேறவில்லை என்று இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் அறிவித்தார். இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோள் கைவிட்டுப் போனது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2026 ஜனவரி 12-ல் கிளம்பிய சி62 ராக்கெட்டும் தோல்வி. இந்த முறையும் சிக்கல் தெரிந்தது மூன்றாவது கட்டம் முடியும் நேரத்தில்தான்.

அந்த மூன்றாவது கட்டம் திட எரிபொருளில் ஓடுவது. சுமார் ஏழரை டன் எரிபொருள் அதற்குள் இருக்கும். கோளாறு எரிபொருளிலா, உறையிலா, வாயு வெளியேறும் நாசிலிலா, வேறு எதிலாவதா என்பதை வெளியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. அதனால் யூகம் வேண்டாம். ஆனால் இந்த இரண்டு தோல்விகளும் பலரை ஒரு அடிப்படைக் கேள்வி கேட்க வைத்திருக்கின்றன. மூடிய உறைக்குள், அவ்வளவு சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த எரிபொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விஞ்ஞானிகள் முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்? அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

ஆந்திரக் கரையோடு முடிகிற கேள்வி இல்லை இது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் கட்டப்படுகிறது. 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 986 கோடி ரூபாய். அங்கிருந்து பறக்கப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள்தான். முதல் கட்டத்தில் மட்டும் 87 டன். போதாததற்கு, அந்தப் பகுதியில் விண்வெளித் தொழில் மற்றும் உந்துபொருள் பூங்கா அமைக்கும் திட்டத்தையும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் அறிவித்திருக்கிறது.

உப்பூருக்கு என்ன சம்பந்தம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கிறது உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கோயில் இருக்கிற ஊர். குலசேகரன்பட்டினத்துக்குப் போக வேண்டுமானால் ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் எல்லாம் தாண்ட வேண்டும்.

இருந்தாலும் இந்த இரண்டு ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் வருவதாக இருந்தது. வயல் போகும், கடல் கெடும் என்று விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 2021 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில், திட்டத்தை உடன்குடிக்கு மாற்றும் முடிவு வெளியானது. அந்த உடன்குடிக்குப் பக்கத்து ஊர்தான் குலசேகரன்பட்டினம்! பெரிய திட்டம் வரும்போது, "ஆய்வு செஞ்சாச்சு, பாதிப்பு இல்லைன்னு கணக்கு வந்திருக்கு" என்று சொல்வார்கள் இல்லையா? அந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டுப் பழகியவர்கள் உப்பூர்க்காரர்கள்.

இன்னொரு தொடர்பு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. உப்பு.

எரிபொருளில் உப்பா?

ஆமாம். ஆனால் குழம்பில் போடுகிற உப்பு இல்லை. அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளைப் படிக உப்பு. ஆரம்பப் பொருள் என்னவோ நம்ம சாதாரண உப்புதான். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, பல கட்டங்களாக மாற்றி மாற்றி இதைத் தயாரிக்கிறார்கள். இஸ்ரோவுக்கு இதற்கென்றே கேரளாவின் ஆலுவாவில் ஆலை இருக்கிறது.

வானத்தில் மேலே போகப் போக காற்று கிடையாது. எரிய ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனைத் தன் படிகத்துக்குள் கட்டி வைத்திருப்பதுதான் இந்த உப்பின் வேலை. இதோடு அலுமினியப் பொடியைச் சேர்த்து, எச்.டி.பி.பி. என்ற பிசின் போன்ற பாலிமரில் பிசைவார்கள். கலவையை ராக்கெட் உறைக்குள் ஊற்றி, மிதமான சூட்டில் பல நாள் வைத்தால் அது கெட்டி ரப்பராக இறுகிவிடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு அந்த உப்புப் படிகம். பாலிமர் அதை ஒட்டிப் பிடித்து வைக்கிறது, கூடவே தானும் எரிகிறது. இப்படி இரண்டு மூன்று பொருள்கள் தனித்தனியாக இருந்துகொண்டே ஒன்றாக வேலை செய்வதைத்தான் கூட்டுப்பொருள், அதாவது காம்போசிட் என்கிறார்கள்.

படிகம் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. கட்டடத்துக்கு கான்கிரீட் போடும்போது ஜல்லியும் மணலும் கலக்கிறோம். பெரிய ஜல்லிகளுக்கு நடுவே இருக்கும் சந்தை மணல் நிரப்பும். இங்கேயும் அதே கதை. பெரிய படிகம் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு, சிறியது தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. பொடி அதிகமானால் வேகமாக எரியும், பரல் அதிகமானால் நிதானமாக எரியும். திருப்பாலைக்குடி, வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால், பாத்தியில் தண்ணீர் மெதுவாக வற்றினால் பரல் பெரிதாக விழும் என்பார்கள். வேதியியல் வேறு, படிகம் வளரும் நியாயம் ஒன்றுதான்.

சூடு ஏறினால் படிகம் மாறுமா?

இங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. படிகம் என்றால் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும் பொருள். சூடு ஒரு அளவைத் தாண்டினால் அந்த வரிசையே மாறும். அம்மோனியம் பெர்குளோரேட்டுக்கு அந்த அளவு ஏறக்குறைய 240 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் செவ்வகப் பெட்டி போன்ற அடுக்கு, கனசதுர அடுக்காக மாறுகிறது. படிகம் கொஞ்சம் உப்பும். சுற்றிலும் ரப்பர் பிடித்திருக்கும்போது உப்பினால் எங்கே போகும்? விரிசல் விடும், ஒட்டியிருந்த பாலிமரை விட்டு விலகும்.

ராக்கெட் ஒழுங்காக எரியும்போது இது பெரிய பிரச்னை இல்லை. எரியும் முனை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் உள்ளே போகும். சுவாலையின் சூடு 3,000 டிகிரியை ஒட்டி இருந்தாலும், அதற்கு அடியில் முடியளவு மெல்லிய அடுக்கு மட்டும்தான் சூடாகும். ரப்பர் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. படிகம் மாறி முடிப்பதற்குள் எரிந்தே போய்விடும்.

ஆனால் கிடங்கிலோ தொழிற்கூடத்திலோ தீப்பிடித்து, மோட்டார் வெளியில் இருந்து மெதுவாக வேகும் நிலை வந்தால்? மொத்தமும் சீராகச் சூடாகும். படிகங்கள் உள்ளுக்குள் சிதைந்து, பஞ்சு மாதிரி துளைகள் விழும். எரியும் பரப்பு பல மடங்கு பெருகும். பிறகு பற்றினால், ராக்கெட்டில் எரிவது போல நிதானமாக எரியாது. ஒரே பொருள், ஒரே எடை. அது எந்த வேகத்தில் சூடானது என்பதை வைத்து முடிவு மாறுகிறது. இதை முன்கூட்டிக் கணிக்கத்தான் கணினி மாதிரிகள் தேவைப்படுகின்றன.

அழுத்தம் என்ன செய்யும்?

வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினாலும் கீழே அடுப்பின் தீ அப்படியேதான் இருக்கும். அழுத்தம் ஏற ஏற அடுப்பும் தானாகவே பெரிதாக எரிந்தால் எப்படி இருக்கும்? திட எரிபொருள் அப்படிப்பட்டது. அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் வாயு அதிகமாகும், அழுத்தம் இன்னும் ஏறும். நாசில் வழியாக வாயு வெளியேறி இதைச் சமன்செய்ய வேண்டும். அந்தச் சமநிலையில் நிற்கும்படிதான் எரிபொருளை வடிவமைக்கிறார்கள்.

ஒரு விரிசல் விழுந்தால் அந்தக் கணக்கு குலைகிறது. விரிசலின் இரண்டு பக்கமும் புதிதாக எரியத் தொடங்கும். அவ்வளவுதான்.

சரி, விரிசல் எங்கிருந்து வரும்? எரிபொருளை இறுக வைப்பது சூட்டில். பிறகு ஆறும்போது, ரப்பர் கலவை சுருங்கும் அளவு எஃகு உறை சுருங்காது. பல மடங்கு வித்தியாசம். உறையோடு ஒட்டிய இடத்தில் இழுவிசை உருவாகும். அந்த இழுவையில் பாலிமர் படிகத்தை விட்டு மயிரிழை அளவுக்குப் பிரிந்து வரும். கண்ணுக்குத் தெரியாது. வருடக்கணக்கில் வைத்திருந்தால் காற்றுப் பட்டு பாலிமரும் மெல்ல இறுகி, நெளியும் தன்மையை இழக்கும். பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் பட்டென்று அறுகிறதே, அந்த மாதிரி.

கடற்கரைக் காற்றின் ஈரம் இன்னொரு தலைவலி. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கட்டி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெர்குளோரேட்டும் ஈரம் இழுக்கும், கட்டி பிடிக்கும். பாலிமரை இறுகச் செய்யும் வேதிப்பொருளோ தண்ணீர் பட்டால் கரியமில வாயுவை விட்டு நுரைக்கும், உள்ளே குமிழி தங்கிவிடும். அதனால் கலவைக் கூடங்களில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். மதுரையை விட இந்தக் கரையில் அந்த வேலை கஷ்டம்.

கணினியில் எப்படிப் பார்க்கிறார்கள்?

கார் இன்ஜினை ஆயிரம் முறை ஓட்டிச் சோதிக்கலாம். திட மோட்டார் அப்படி இல்லை. பற்ற வைத்தால் முடிந்தது. சோதித்த மோட்டார் பறக்காது, பறக்கப்போகும் மோட்டாரைச் சோதிக்க முடியாது. ஊடுகதிர், மீயொலி வைத்து உள்ளே பார்ப்பார்கள். அதற்கு மேல் கணக்குதான்.

கணக்கு மூன்று நான்கு அளவுகளில் நடக்கிறது. அடிமட்டத்தில் சில லட்சம் அணுக்களை எடுத்துக்கொண்டு, அழுத்தினால், சூடாக்கினால் படிக அடுக்கு எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே காலம் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஓடும். அதற்கு மேலே, சர்க்கரைக் கட்டி அளவுள்ள எரிபொருளை நுண் சி.டி. ஸ்கேன் செய்து, ஒவ்வொரு படிகமும் எங்கே இருக்கிறது, நடுவே பாலிமர் எவ்வளவு மெல்லிசு என்று கணினியில் அப்படியே கட்டுவார்கள். அதை இழுத்துப் பார்த்தால் எந்தப் படிகத்தில் முதலில் ஒட்டு விடும் என்று தெரியும். கடைசியாக முழு மோட்டார். அங்கே தனித்தனிப் படிகத்தைப் பார்க்க எந்த சூப்பர் கம்ப்யூட்டராலும் முடியாது. முழுவதையும் சீரான ரப்பராகவே பாவித்து, கீழ்மட்டத்தில் கிடைத்த எண்களை அதில் போடுவார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், பொருள்கள் பளுவைத் தாங்குவதைக் கணக்கிட 'ஃபீஸ்ட்' என்ற மென்பொருளைச் சொந்தமாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஒரு மட்டத்தில் இருந்து இன்னொரு மட்டத்துக்கு எண் கைமாறும் இடம்தான் பலவீனமான இடம். அணுக் கணக்கில் தூய படிகத்தை எடுப்பார்கள். நிஜப் படிகத்தில் குறை இருக்கும், ஈரம் இருக்கும், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் பரல் அளவு கொஞ்சம் மாறும். சராசரி எடுக்கும்போது இதெல்லாம் மறைந்துவிடும். மோட்டாரோ சராசரி இடத்தில் உடைவதில்லை. மிக மோசமான இடத்தில்தான் உடையும்.

வயதாவதைக் கணிப்பதில் இன்னும் துணிச்சலான ஊகம் இருக்கிறது. பத்து வருடம் காத்திருக்க முடியாது என்பதால், மாதிரித் துண்டை அதிகச் சூட்டில் சில மாதம் வைத்து, அதில் வந்த மாற்றத்தைப் பத்து வருடத்துக்குச் சமமாகக் கணக்குப் போடுவார்கள். அந்த அதிகச் சூட்டில் நடக்கும் வேதிமாற்றமும் சாதாரணச் சூட்டில் நடப்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரி. எப்போதும் அப்படி இருக்காது.

மாதிரி தவறிய கதை

1991 ஏப்ரல் 1. அமெரிக்காவின் டைட்டன்-4 ராக்கெட்டுக்கான புதிய திட மோட்டாரை எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் முதல்முறை பற்ற வைத்தார்கள். இரண்டு நொடிக்குள் வெடித்தது. கணக்கெல்லாம் போட்டுத்தான் செய்திருந்தார்கள். ஆனால் வாயு ஓட்டத்தைத் தனியாகவும், எரிபொருள் ரப்பர் நெளிவதைத் தனியாகவும் பார்த்திருந்தார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோதுதான் விடை கிடைத்தது. வாயு தள்ளிய தள்ளில், எரிபொருள் துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் நெளிந்து வழியை அடைத்திருக்கிறது. வழி குறுகியதும் அழுத்தம் ஏறியது, ஏறிய அழுத்தம் ரப்பரை இன்னும் நெளித்தது.

இதன் பிறகு, எரிதல், வாயு ஓட்டம், பொருளின் நெளிவு மூன்றையும் ஒன்றாகக் கணக்கிடும் ஆராய்ச்சி சூடு பிடித்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1997-ல் அதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். கணினிக்குள் படிகப் பரல்களை நிஜம் போலவே குவித்து அடுக்கும் மென்பொருளை உருவாக்கியதும் அவர்கள்தான்.

நம் பக்கத்திலும் விலை கொடுத்திருக்கிறோம். 2004 பிப்ரவரி 23-ல் ஸ்ரீஹரிகோட்டா திட எரிபொருள் கூடத்தில் ஏற்பட்ட தீயில் 6 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2003 ஆகஸ்ட் 22-ல் பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளத்தில் ஒரு மோட்டார் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டதில் 21 பேர் பலி. 1988 மே 4-ல் அமெரிக்காவின் நெவாடாவில் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலை வெடித்ததில் 2 பேர் இறந்தார்கள், 300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட பறக்கும்போது நடந்தது அல்ல. எல்லாம் தரையில், ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் நடந்தவை.

அப்படியானால் குலசை வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் வளைந்து போகிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். 500 கிலோ மட்டும் தூக்கும் எஸ்.எஸ்.எல்.வி.-க்கு அது பெரிய இழப்பு. குலசையில் இருந்தால் நேராகத் தெற்கே, கடல் மேலேயே போகலாம். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமையில் உருவாகி, 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுமந்து போன எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்கு கட்டங்களும் திட எரிபொருள்தான். இந்தத் தொழில்நுட்பத்தில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. பி.எஸ்.எல்.வி.-யின் மூன்றாவது கட்டமே அதற்கு முன் எத்தனையோ முறை பிசிறில்லாமல் வேலை செய்திருக்கிறது.

ஆனால் ஏவுதளம் வேறு, உந்துபொருள் பூங்கா வேறு. ராக்கெட் பறக்கும் நாளில் ஊரை ஒதுக்கி, கடலில் படகுகளை நிறுத்திவிடலாம். எரிபொருளைக் கலக்கும், இறுக வைக்கும், அடுக்கி வைக்கும் இடத்தில் வருடம் 365 நாளும் ஆபத்து இருக்கும். அதுவும் தனியார் நிறுவனங்கள் வரும்போது. எஸ்.எஸ்.எல்.வி. தயாரிப்பே 2025-ல் எச்.ஏ.எல். கைக்குப் போக முடிவாகிவிட்டது. இஸ்ரோவின் பழக்கவழக்கம் புதிதாக வரும் எல்லா ஆலைக்கும் தானாக வந்துவிடாது. விருதுநகர் பட்டாசு ஆலைகளில் விதி இல்லாமலா விபத்து நடக்கிறது?

அதனால் உடன்குடி, மணப்பாடு, பெரியதாழை மக்கள் கேட்க வேண்டியது "பாதுகாப்பா, இல்லையா" என்று மட்டும் அல்ல. ஒரே இடத்தில் அதிகபட்சம் எத்தனை டன் வைப்பீர்கள்? அது வெளித் தீயில் மெதுவாகச் சூடானால் என்ன ஆகும் என்ற கணக்கு எங்கே? அந்தக் கணக்கில் போட்ட வெயில், ஈரப்பதம் எல்லாம் இந்த ஊரில் அளந்ததா, வேறு எங்கோ அளந்ததா? வீடுகளுக்கான தூரத்தை எந்த எண்ணை வைத்து முடிவு செய்தீர்கள்? ராக்கெட் வடிவமைப்பு ரகசியம் என்றால் புரிந்துகொள்ளலாம். இந்த எண்களில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. சி61 தோல்வியின் முழு ஆய்வறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்காமலே சி62 பறந்தது என்ற விமர்சனம் இருக்கும்போது, குறைந்தபட்சம் தரையில் இருக்கிற ஆபத்தையாவது திறந்து பேச வேண்டும்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. இந்தப் படிகம் தண்ணீரில் சுலபமாகக் கரையும். உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர்வதைத் தடுக்கும். ஆலுவா ஆலையை ஒட்டிய கீழ்மாடு ஊராட்சியில் கிணற்று நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பதைத் திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். உடன்குடி, குதிரைமொழி வட்டாரம் செந்நிறத் தேரி மணல். மேலே ஊற்றியது மளமளவென்று கீழே இறங்கிவிடும். இப்போது அந்தக் கிணறுகளில் பெர்குளோரேட் எவ்வளவு இருக்கிறது, இல்லையா என்பதைப் பூங்காவுக்கு முதல் செங்கல் வைக்கும் முன்பே அளந்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஆலை வந்த பிறகு அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.